வேர்ப்புழுவுக்கு நூற்புழு பவுடர்: செம்மண்ணுக்கு நாலரை ஸ்டார், களிமண்ணுக்கு ரெண்டு

கரும்பு வேர்ப்புழுவைக் கொல்றதுக்கு நூற்புழு பவுடர் (மண்ணுல ஊத்தற, ரொம்பப் பொடிசான உயிருள்ள புழு) வாங்கலாமான்னு நெட்ல தேடிப் பாத்தீங்கன்னா ஒருத்தர் "அருமைங்க, ஒரே தடவைல க்ளீன்"னு போட்டிருப்பார், அதுக்குக் கீழயே இன்னொருத்தர் "காசு தண்டம், ஒரு புழுகூட சாகல"ன்னு போட்டிருப்பார். ரெண்டு பேரும் பொய் சொல்லலைங்க. ஆனா எந்த மண்ணுல போட்டாங்க, போட்ட அன்னிக்கு மண்ணுல ஈரம் எவ்வளவு இருந்துச்சு, அதை ரெண்டு பேருமே சொல்ல மாட்டாங்க. இந்தப் பொருளுக்கு அதைச் சொல்லாம ரிவ்யூ எழுதினா படிக்கிறவங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. எனக்கு ரெண்டு விதமான காடு இருக்கு, ஒரே பவுடரை ரெண்டுலயும் ஒரே வாரத்துல ஊத்திப் பாத்தேன், அதனாலதான் ஸ்டாரும் ரெண்டு விதமா போட்டிருக்கேன்.

நம்ம ஊரு கோபி சத்தி பக்கம். மேல இருக்கறது செம்மண் காடு, கொஞ்சம் மணல்சாரி, போர் தண்ணி, சொட்டுநீர். கீழ இருக்கறது களி, கீழ்பவானி வாய்க்கால் பாசனம், காஞ்சா விரல் போற அளவுக்கு வெடிக்கும். ரெண்டுலயும் மறுதாம்புக் கரும்பு, அதாவது வெட்டின கட்டையில இருந்து மறுபடி தழைஞ்சது. வேர்ப்புழு எப்பவுமே மேல் காட்டுலதான் ஜாஸ்தி, வேர்ப்புழுங்கறது ஒரு வண்டோட குஞ்சுதான், இலேசான மண்ணுன்னா அந்த வண்டுக்குப் பிடிக்கும். கோடை மழை ஒண்ணு நல்லா பேஞ்சதும் சாயங்காலம் மண்ணுக்குள்ள இருந்து வண்டு கிளம்பி வந்து வேப்ப மரத்துல மொய்க்கும், அப்புறம் திரும்பி மண்ணுல இறங்கி முட்டை போடும். ஹோலோட்ரிக்கியா செரேட்டான்னு அதுக்குப் பேரு. ஆவணி வாக்குல பாத்தா பச்சையா நின்ன தூரு மஞ்சளாகிக் காயும், பிடிச்சு இழுத்தா வேரே இல்லாம தூரோட கையில வரும், அடியில தோண்டினா வளைஞ்சு படுத்திருக்கும் வெள்ளைப் புழு. கரும்பு போட்டவங்களுக்கு நான் இதை விளக்கணும்னு இல்ல.

முன்னெல்லாம் இதுக்கு ஃபோரேட்ங்கற பூச்சிமருந்துக் குருணைதான் போடுவாங்க. அந்த நாத்தம், போட்டவங்களுக்கு வர்ற தலைவலி, பக்கத்துல தண்ணி குடிச்ச ஆட்டுக்கு என்ன ஆகுமோங்கற பயம், எல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதான். 2020 கடைசியோட ஃபோரேட்டுக்கு முழுத் தடை வந்துருச்சு. வந்தது நல்லதுதான்னு நான் மனசாரச் சொல்வேன், ஆனா அந்த இடத்துல என்ன போடறதுன்னு விவசாயிக்கு யாராவது ஒழுங்கா சொல்லிக் கொடுக்கணும் இல்லையா? அப்படித் தேடிப் போனப்பதான் இந்தப் பவுடர் கிடைச்சுது.

பாக்கெட்ல இருக்கறது ஹெட்டரோரேப்டிடிஸ் இண்டிகாங்கற நூற்புழு. நூற்புழுன்னதும் வாழையிலயும் தக்காளியிலயும் வேர்ல முடிச்சு போடற புழுதான் ஞாபகம் வரும், எங்கப்பாவும் "அதைப் போய் காசு குடுத்து வாங்கி ஊத்தறயா?"ன்னு கேட்டார். இது வேற இனம்ங்க, பயிரைத் தொடாது, மண்புழுவை ஒண்ணும் பண்ணாது, பூச்சிக்குள்ள மட்டும்தான் போகும். அரை மில்லிமீட்டர் நீளம், தடிமன் அதுல இருபத்தஞ்சுல ஒரு பங்குகூட இருக்காது. வேர்ப்புழுவோட வாய், ஆசனவாய், மூச்சுத்துளை, எங்க வழி கிடைச்சாலும் உள்ள போயி, தன் குடல்ல வச்சிருக்கற ஃபோட்டோரேப்டஸ்ங்கற பாக்டீரியாவை வெளிய விடும். புழுவைக் கொல்ற வேலையைப் பெரும்பாலும் அந்த பாக்டீரியாதான் செய்யுது, ஒண்ணு ரெண்டு நாள்ல புழு காலி. அப்புறம் அந்தப் பொணத்துக்குள்ளயே நூற்புழு பெருகி ஆயிரக்கணக்குல வெளிய வந்து அடுத்த புழுவைத் தேடும். இன்னொரு விஷயம், இந்த இனத்தை உலகத்துக்கே முதல்ல விவரிச்சது நம்ம கோயம்புத்தூர்ல கிடைச்ச புழுவை வச்சுத்தான், 1992-ல. அதனால நம்ம வெயிலுக்குப் பழகினதுன்னு வாங்கறப்பவே எனக்கு ஒரு தைரியம். பவுடரா ஆக்கற டெக்னாலஜிய பெங்களூர்ல இருக்கற ஐசிஏஆர் பூச்சி வள நிலையம் உருவாக்கி கம்பெனிகளுக்குக் குடுத்திருக்காங்க, இப்ப பல பேர்ல வருது. நான் வாங்கின பிராண்ட் பேரை இங்க போடலைங்க, உள்ள இருக்கற இனம் ஒண்ணுதான், வித்தியாசம் வர்றது அதை எப்படி வச்சு வித்தாங்கங்கறதுலயும் நம்ம மண்ணுலயும்தான்.

சர்வீஸைப் பத்தி மொதல்ல சொல்லிடறேன். ஆன்லைன்ல ஒரு கடையில ஆர்டர் போட்டதுல பார்சல் சித்திரை வெயில்ல சாதா அட்டைப்பெட்டியில வந்து சேந்துச்சு, கையில வாங்கறப்பவே பாக்கெட் சூடு. எக்ஸ்பைரி தேதியெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைக் கிண்ணத்துல தண்ணியில கலந்து, கொஞ்ச நேரம் ஊற விட்டு லென்ஸ்ல பாத்தா எல்லாம் ஊசி மாதிரி நேரா கிடக்குது. உயிரோட இருந்தா நெளியும், வளையும், வெளிச்சத்துல பாத்தா தண்ணியே மினுமினுன்னு அசையற மாதிரி தெரியும். நேரா விறைச்சுக் கிடந்தா செத்துப் போச்சுன்னு அர்த்தம். வீடியோ எடுத்து அனுப்பினேன், ரொம்ப நாள் இழுத்தடிச்சுப் பாதிப் பணம் திருப்பிக் குடுத்தாங்க. அப்புறம் நேரா ஒரு லேப்லயே போயி, குளுகுளுன்னு வச்சிருந்ததை ஐஸ் பேக் போட்டு வாங்கிட்டு வந்தேன், அதுல நல்ல நெளிச்சல். இது உயிருள்ள பொருள்ங்க. கடைக்காரர் யூரியா மூட்டை பக்கத்துல வெயில் படற அலமாரியில வச்சிருந்தார்னா அங்க வாங்காதீங்க. வாங்கினதும் வீட்ல வெயில் படாத குளுந்த இடத்துல, லேபிள்ல சொன்ன மாதிரி வைங்க, ஃப்ரீசர்ல வச்சா உறைஞ்சு செத்துரும்.

அளவு பொதுவா ஏக்கருக்கு 100 கோடி நூற்புழுன்னு சொல்றாங்க. கேக்க பயங்கரமா இருக்கும், ஆனா நிலத்துல பரவினா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 வாக்குலதான் வரும். சாயங்காலம் வெயில் இறங்கினப்புறம் ஊத்தணும், ஏன்னா நேர் வெயில் பட்டா கொஞ்ச நேரத்துலயே செத்துரும். முந்தின நாளே தண்ணி விட்டு மண்ணை நனைச்சு வச்சுட்டேன், பவர் ஸ்ப்ரேயர்ல நாசிலையும் உள்ள இருக்கற வடிகட்டியையும் கழட்டிட்டு தூரு தூரா ஊத்தினோம், ஒருத்தர் டேங்க்கைக் கலக்கிட்டே இருந்தார், விட்டா அடியில தங்கிரும். ஊத்தினதும் மறுபடி இலேசா ஒரு தண்ணி. இது ரெண்டு காட்டுக்கும் ஒரே மாதிரிதான் பண்ணோம்.

இப்ப செம்மண் காடு. ரெண்டு வாரம் வாக்குல போயி காஞ்ச தூருக்குப் பக்கத்துல, இன்னும் காயாத தூருங்க அடியில தோண்டிப் பாத்தா புழு வெள்ளையா இல்ல, செங்கல் கலர்ல துவண்டு கிடக்குது. கையில எடுத்தா சாதாரணமா செத்த புழு மாதிரி அழுகி நாறல, நாத்தமே இல்ல, ரப்பர் மாதிரி இருந்துச்சு. அந்தச் செங்கல் கலர்தான் ஹெட்டரோரேப்டிடிஸ் வேலை செஞ்சதுக்கு அடையாளம். உயிரோட இருந்த புழுவும் கிடைச்சுது, நூத்துக்கு நூறு சாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஆனா புதுசா காயற தூரு நின்னு போச்சு. எனக்கு அது போதும்.

ஏன் அங்க வேலை செஞ்சுது? நூற்புழு காத்துல பறக்காது, காஞ்ச மண்ணுல ஊர்ந்தும் போகாது. மண்ணுத் துகளைச் சுத்தி ஒட்டியிருக்கற மெல்லிசான தண்ணிப் படலத்துலதான் நீந்திப் போகும். மணல் கலந்த மண்ணுன்னா துகளுக்கு நடுவுல இடைவெளி பெருசு, அதுக்குள்ள நூற்புழு தாராளமா போகலாம், காத்தும் இருக்கும், ஈரப் படலமும் இருக்கும். சொட்டுநீர்ல தினம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி போறதால அந்தப் படலம் அறுபடவே இல்ல. இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, மணல் மண்ணு சீக்கிரம் காஞ்சுரும், நாலஞ்சு நாள் மோட்டார் ஓடலைன்னா மேல்மண்ணுல இருக்கறது முடங்கிப் போயிரும். மெதுவா காஞ்சா கொஞ்ச நாள் சுருண்டு தாக்குப் பிடிக்கும், சட்டுன்னு காஞ்சா தாங்காது, அதுலயும் ஹெட்டரோரேப்டிடிஸ் கொஞ்சம் பலவீனமான இனம்தான். செம்மண்ணுல போட்டவங்க யாராச்சும் "வேலை செய்யல"ன்னு சொன்னா நான் முதல்ல கேக்கறது ஊத்தினப்புறம் தண்ணி எப்ப விட்டீங்கன்னுதான்.

களிக் காட்டுல கதை வேற. அங்க ஊத்தறப்பவே எனக்கு மனசுக்குச் சரியாப் படல. முந்தின நாள் தண்ணி விட்டும் வெடிப்பு முழுசா மூடல, ஊத்தின தண்ணி தூருல நிக்காம பக்கத்து வெடிப்புக்குள்ள கொளகொளன்னு இறங்கிப் போச்சு. ஒரு தூருக்கு அடியில லட்சக்கணக்குல போயிருக்கும், அடுத்த தூருக்கு ஒண்ணுமே போயிருக்காது. அப்படியே மண்ணுக்குள்ள தங்கினதுகூட எங்க போகும்? களித் துகள் மாவு மாதிரி, நடுவுல இருக்கற சந்து நூற்புழு உடம்பை விடச் சின்னது, இருக்கற இடத்துல இருந்து நகரவே முடியாது. வேர்ப்புழு தானா வந்து மோதினாத்தான் உண்டு. அதுக்கப்புறம் ஒரு மழை பேஞ்சு வயல்ல தண்ணி கட்டிக்கிச்சு. ஈரம் வேணும்தான், ஆனா சந்து முழுக்க தண்ணி நிறைஞ்சா ஆக்சிஜன் போயிரும், நூற்புழுவுக்கும் மூச்சு வேணுமே. களிமண்ணுல இது பொழைக்கறது மணல் மண்ணை விட ரொம்பக் கம்மின்னு ஆராய்ச்சிகள்லயும் திரும்பத் திரும்ப வந்திருக்கு. தோண்டிப் பாத்தப்போ வெடிப்பு ஓரமா இருந்த தூருல சில செங்கல் கலர் புழு கிடைச்சுது, மத்த இடத்துல எல்லாம் கொழுகொழுன்னு வெள்ளையாவே இருந்துச்சு. அதான் ரெண்டு ஸ்டார். அந்த ரெண்டும்கூட, பொருள் உயிரோட இருந்துச்சு, கிடைச்ச இடத்துல வேலையைக் காட்டுச்சுங்கறதுக்காக.

என் அபிப்பிராயம், வாய்க்கால் தண்ணி பாயற களிக் காட்டுக்கு இதை வாங்கிச் செலவு பண்றதை விட, மறுதாம்பு முடிஞ்சதும் ஒரு போகம் நெல்லு நட்டா நல்லது. சேறடிச்சுத் தண்ணி நின்னா வேர்ப்புழு தாங்காது, நம்ம பெரியவங்க கரும்புக்கு அப்புறம் நெல்லுன்னு மாத்தினதுக்கு இதுவும் ஒரு பலன்.

சூடு பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. இண்டிகா 25-ல இருந்து 32 டிகிரி வரைக்கும் நல்லா சுறுசுறுப்பா இருக்கும், 37 தாண்டினா கஷ்டம். சித்திரை வைகாசியில மூடாம கிடக்கற செம்மண்ணு மேல்பரப்பு மத்தியானம் 50 டிகிரியைத் தாண்டிரும், வெறுங்காலோட நடந்தவங்களுக்குத் தெரியும். ஆனா ஒரு சாண் கீழ போனா அவ்வளவு சூடு இருக்காது, சோகை (கரும்போட காஞ்ச இலை) மூடாக்கு இருந்தா மேல்மண்ணே குளுந்து இருக்கும். தயவு பண்ணி சோகைக்குத் தீ வைக்காதீங்க. நான் மேல் காட்டுல பாதியில சோகையைப் பரப்பி விட்டிருந்தேன், மீதிக்குச் சோகை போதல. பரப்பின பக்கம் கையை விட்டா மத்தியானம்கூட ஈரம் பிசுபிசுன்னு ஒட்டுச்சு, செங்கல் கலர் புழு அந்தப் பக்கம்தான் ஜாஸ்தி கிடைச்சுது. ஒண்ணு கவனிக்கணும், சோகை மேலயே ஊத்தினா பாதி சோகையிலயே தங்கிரும், விலக்கிட்டு மண்ணுல ஊத்திட்டு மறுபடி இழுத்து மூடணும். ஆளு கூலி கொஞ்சம் ஆகும்.

மண்ணோட பிஎச் (அமில, காரத் தன்மை) பத்தி ரொம்பக் கவலைப்பட வேண்டாம், 4-ல இருந்து 8 வரைக்கும் பெருசா வித்தியாசம் இல்ல, 10 பக்கம் போனாத்தான் விழுந்துரும். நம்ம பக்கம் போர் தண்ணி கொஞ்சம் உப்பா இருந்தாலும் தாங்கும், வெள்ளையா உப்புப் பூத்த நிலம்னா வேண்டாம். நல்லா மக்கின தொழு உரம் போட்ட மண்ணுல இது நல்லா நிலைக்கும், ரசாயன உரம் கெட்டியா இருக்கற இடத்துல ரொம்ப நாள் கிடந்தா பாதிக்கும், அதனால யூரியா வைக்கறதையும் இதை ஊத்தறதையும் ஒண்ணா வச்சுக்காதீங்க, ரெண்டு வாரமாச்சும் இடைவெளி விடுங்க. வேர்முடிச்சு நூற்புழுவுக்குன்னு விக்கற மருந்தோட சேத்து ஊத்தவே கூடாது, அது இதையும் சேத்துக் கொன்னுரும். கடைக்காரங்க "எல்லாத்தோடயும் கலக்கலாம்"னு சொல்றது சரியில்லைங்க.

நேரம் ரொம்ப முக்கியம். வேர்ப்புழு சின்னதா இருக்கறப்ப ஊத்தினாத்தான் சாகும். பெருசாயிட்டா தோலு தடிச்சுக்கும், அதோட மூச்சுத்துளை மேல சல்லடை மாதிரி தகடு இருக்கும், நூற்புழு அது வழியா சுலபமா நுழைய முடியாது, உடம்புல ஏறினதையும் காலாலயும் வாயாலயும் தேச்சுத் தள்ளி விட்டுரும். வாய்க்கால் தண்ணிய நம்பி இருக்கறவங்களுக்கு இதுலதான் சிக்கல், தண்ணி ஆகஸ்ட் 15 வாக்குல திறப்பாங்க, அப்ப மண்ணுல ஈரம் கிடைக்கும், ஆனா புழு பெருசாகியிருக்கும். கோடை மழைக்கு வண்டு கிளம்பின தேதியை ஒரு காலண்டர்ல குறிச்சு வச்சுக்கிட்டு, அதுல இருந்து ஒரு மாசம் ஒன்றரை மாசத்துக்குள்ள மண்ணு நனைஞ்சிருக்கற சாயங்காலமா பாத்து ஊத்தணும். ஆனி மாசம்னு வச்சுக்கலாம்.

லேபிள்ல இனத்தோட பேரைப் படிச்சுட்டு வாங்குங்க. ஸ்டெய்னர்நீமா கார்ப்போகேப்சேன்னு போட்டிருந்தா அது மேல்மண்ணுலயே உக்காந்து வர்ற பூச்சிக்காகக் காத்திருக்கற இனம், வெட்டுப்புழு மாதிரி மேல நடமாடறதுக்கு நல்லது. வேர்ப்புழு கீழ வேர்ல கிடக்கும், அதுக்கு இறங்கித் தேடிப் போற இண்டிகா மாதிரி இனம்தான் வேணும். "அனைத்து மண் புழுக்களுக்கும்"னு பொதுவா அச்சடிச்சு இனம் பேரே போடாத பாக்கெட்டையும் பாத்தேன், அதைத் தொடவே இல்ல.

உங்க மண்ணுல இது நிலைச்சிருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு, எல்லாரும் பண்ணலாம். தேனீப் பெட்டி வச்சிருக்கறவங்ககிட்ட மெழுகுப் புழு கேட்டா சந்தோஷமா குடுப்பாங்க, அவங்களுக்கு அது தொல்லை. ஊத்தின இடத்துல ஒரு சாண் ஆழத்துல மண்ணு எடுத்து டப்பாவுல போட்டு, கையில பிடிச்சா உருண்டை ஆகற அளவு ஈரம் வச்சு, நாலஞ்சு மெழுகுப் புழுவை விட்டு மூடி, சின்ன ஓட்டை போட்டு நிழல்ல கவுத்து வைங்க. மண்ணுல நூற்புழு இருந்தா ஒரு வாரத்துக்குள்ள மெழுகுப் புழு செத்து செங்கல் கலராகும். இருட்டு அறையில கொஞ்ச நேரம் கண்ணு பழகினப்புறம் பாத்தா இலேசா பச்சை வெளிச்சம்கூடத் தெரியும், அந்த பாக்டீரியா மினுங்கற வெளிச்சம் அது. எங்க பசங்க போர்வைக்குள்ள வச்சுப் பாத்துட்டு விடவே மாட்டேன்னுட்டாங்க. அறுவடைக்கு முன்னாடி செம்மண் காட்டு மண்ணை இப்படிப் பாத்தேன், சோகை மூடின பக்கம் மெழுகுப் புழு செவந்துச்சு, மூடாத பக்கத்துல ஒண்ணுதான் செவந்துச்சு. களிக் காட்டு மண்ணுல எல்லாம் உயிரோட கூடு கட்டிருச்சு.

விலை, ஃபோரேட் காலத்துச் செலவோட பாத்தா கூடத்தான். ஆனா மண்ணு ஒத்துவர்ற இடத்துல தானா பெருகி அடுத்த புழுவைத் தேடற பொருளுக்கு அது நியாயமான விலைன்னு நான் நினைக்கறேன். அரை ஸ்டார் குறைச்சதுக்குக் காரணம் பாக்கெட்டுதான். ஏக்கருக்கு எத்தனை கிலோன்னு பெருசா போட்டிருக்காங்க, எந்த மண்ணுக்கு, எவ்வளவு ஈரத்துல, எந்த மாசத்துலன்னு ஒரு வரி இல்ல. உயிர் எண்ணிக்கையை எந்தத் தேதியில எண்ணினாங்கன்னும் இல்ல. கம்பெனிக்காரங்க யாராவது படிச்சீங்கன்னா தமிழ்ல ஒரு துண்டுச் சீட்டு போட்டு உள்ள வைங்க, விவசாயி படிச்சுட்டுத்தான் ஊத்துவார்.

வர்ற ஆனிக்கு மேல் காட்டுக்கு மறுபடி வாங்கறேன், சோகையை முழுக்காட்டுக்கும் பரப்பிட்டு. பவுடருக்குப் பதிலா நூற்புழு ஏத்தின மெழுகுப் புழுப் பொணத்தையே தூருக்கு அடியில புதைக்கற முறையும் இருக்கு, ஏலக்காய்த் தோட்டத்துல வேர்ப்புழுவுக்கு அப்படிப் பண்றாங்க. களிக் காட்டுல வெடிப்புல தண்ணி ஓடற பிரச்சினை அதுல இருக்காதுன்னு தோணுது, ஓரமா ரெண்டு வரிசையில மட்டும் வச்சுப் பாக்கப் போறேன். களியிலயோ கரிசல்லயோ அப்படி வச்சுப் பாத்தவங்க இருந்தா மண்ணு எப்படி, பாசனம் என்ன, எந்த மாசம் வச்சீங்கன்னு சேத்து எழுதுங்க.